நர்சிங் கல்லூரி தேர்வு: கட்டடத்தை விடுங்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் நர்சிங் கல்லூரி போஸ்டர் ஏறிவிடும். ஏசி வகுப்பறை, ஹாஸ்டல், வைஃபை, வெளிநாட்டு வேலை என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் இன்றைக்கு எத்தனை நோயாளிகள் படுத்திருக்கிறார்கள் என்ற ஒரு தகவல் மட்டும் இருக்காது. ஆனால் நர்சிங் மாணவி கட்டும் காசுக்கு உண்மையில் கிடைக்கும் பொருள் அந்த நோயாளிகள்தான். நரம்பு எங்கே ஓடுகிறது என்று புத்தகம் காட்டும்; எழுபது வயது பாட்டியின் சுருங்கிய கையில் ஊசி ஏற்ற வார்டுதான் கற்றுக்கொடுக்கும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவருக்கு முன்னால் இருக்கும் நர்சிங் படிப்புகளை இந்த ஒரு அளவுகோலை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் எந்தப் படிப்புக்கு யார் சேரலாம் என்பதில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும், ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும். குறைந்தது 45 சதவீத மதிப்பெண் தேவை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40. சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் 'நானும் சயின்ஸ் குரூப்தானே' என்று வந்து நிற்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. உயிரியல் இல்லாமல் பி.எஸ்சி. நர்சிங் கிடையாது. தாவரவியல், விலங்கியல் தனித்தனியாகப் படித்தவர்களுக்குத் தடை இல்லை.

ஜி.என்.எம். எனப்படும் டிப்ளமோ மூன்று ஆண்டு. எந்த குரூப் படித்தவரும் 40 சதவீதம் இருந்தால் சேரலாம், அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, பெண்களுக்கு மட்டும். கிராம சுகாதார செவிலியர் பணிக்கான படிப்பு அது. ஊரோடு இருந்து தாய் சேய் நலம், தடுப்பூசி என்று வேலை பார்க்க விரும்புகிறவருக்கு நல்ல படிப்பு. பெரிய ஆஸ்பத்திரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் ஆக நினைப்பவருக்கு இது வழி இல்லை.

பி.எஸ்சி.க்குத் தேர்வு நடத்திப் பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்திக்கொள்ளும். ஜி.என்.எம்., ஏ.என்.எம். தேர்வுகள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் கையில். எதைப் படித்தாலும் கடைசியில் அந்தக் குழுமத்தில் பெயர் பதிந்தால்தான் ஒருவர் செவிலியர். பட்டம் கையில் இருந்தும் பதிவு எண் இல்லையென்றால் ஊசியைத் தொடச் சட்டப்படி உரிமை இல்லை. இந்த ஒரு வரி நினைவிருந்தாலே பாதி ஏமாற்றுக்காரர்களிடமிருந்து தப்பிக்கலாம். அவர்களைப் பற்றிக் கீழே வருகிறது.

வார்டுக் கணக்கு

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி வார்டில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் இருக்க வேண்டும். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இன்னொரு விதி. 60 இடம் உள்ள கல்லூரியில் நான்கு ஆண்டும் சேர்த்து 240 பேர். இரண்டு வகுப்பு மட்டும் ஒரே நேரத்தில் போஸ்டிங்கில், அதாவது வார்டுப் பயிற்சியில், இருந்தாலும் 120 பேருக்கு 360 நோயாளிகள் வேண்டும். கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி இருந்து, அதில் 60 படுக்கை நிரம்பியிருந்தால் ஒரு நோயாளியைச் சுற்றி இரண்டு மாணவிகள் நிற்பார்கள். ஒருவர் பி.பி. பார்க்க, மற்றவர் நோட்டில் எழுதிக்கொள்வார். இப்படியே நான்கு ஆண்டு போனால் சிறுநீர்க் குழாய் போடுவதை டம்மியில் மட்டும் பழகியவராகத்தான் வெளியே வர முடியும்.

இந்த ஓட்டையை அடைக்கப் பல தனியார் கல்லூரிகள் மாவட்ட அரசு மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. அதில் தப்பில்லை, சட்டம் அனுமதிப்பதுதான். ஆனால் அதே மருத்துவமனைக்கு ஐந்தாறு கல்லூரிகளின் மாணவிகள் வெவ்வேறு நிறச் சீருடையில் வந்து இறங்கும்போது வார்டு சிஸ்டருக்கு யாரைக் கவனிப்பது என்றே தெரியாது. நோயாளிக்கும் ஒரு நாளில் பத்து முறை கையில் பி.பி. பட்டை சுற்றினால் பொறுமை போய்விடும். அதனால் 'எங்களுக்கு ஜி.எச். போஸ்டிங் உண்டு' என்று கல்லூரி சொன்னால் அடுத்த கேள்வி இதுதான்: அதே வார்டுக்கு வேறு எத்தனை கல்லூரிகள் வருகின்றன, எங்கள் முறை வாரத்தில் எத்தனை நாள், கூடவே ஆசிரியர் வருவாரா, பஸ்ஸில் இறக்கிவிட்டுப் போய்விடுவாரா?

நல்ல நர்சிங் கல்லூரிகள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தாலும் இதே பாடம்தான் தெரிகிறது. வேலூர் சி.எம்.சி.யில் ஆஸ்பத்திரிதான் முதலில் வந்தது. நர்சிங் பள்ளி 1909-ல் தொடங்கியது, பி.எஸ்சி. பட்டப்படிப்பு 1946-ல். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. நோயாளிகள் கூட்டம் இருந்த இடத்தில் பள்ளி முளைத்தது. கட்டடம் முதலில் எழும்பி, பிறகு நோயாளியைத் தேடும் கல்லூரிகள் தலைகீழாக நடக்கப் பார்க்கின்றன.

ஆகவே எங்கள் வரிசை இது. முதலிடம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு ஒட்டிய அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு. சென்னை, மதுரை, செங்கல்பட்டு, சேலம் போன்ற இடங்களில் கட்டணமும் குறைவு, நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை. குறையும் உண்டு: வார்டில் நெரிசல் அதிகம், ஆசிரியர் தனியாக நின்று கற்றுக்கொடுக்க நேரம் போதாது, கேட்டுக் கேட்டுத்தான் கற்க வேண்டும். கூச்சப்படுகிற பிள்ளை ஓரமாக நின்றே மூன்று ஆண்டைக் கடத்திவிடலாம். அடுத்து, சொந்தத்தில் பெரிய ஆஸ்பத்திரி நடத்தும் டிரஸ்ட், மிஷன், தனியார் கல்லூரிகள். இங்கே நோயாளி எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தாலும் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும் ஆள் இருப்பார், கேஸ் ஷீட்டில் எழுதும் ஒழுங்கு நன்றாகப் படியும். மூன்றாவதாகத்தான் சிறிய ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை நம்பி ஓடும் கல்லூரிகள்.

இன்னும் ஒன்றையும் தயங்காமல் சொல்லிவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஜி.என்.எம். இடமும், மூன்றாவது வகைக் கல்லூரியில் பி.எஸ்சி. இடமும் ஒரே நேரத்தில் கிடைத்தால், ஜி.என்.எம்.மை எடுப்பதே மேல். அங்கே மாத உதவித்தொகையும் தருகிறார்கள். அந்த அரசுப் பள்ளிகளில் இடம் பெண்களுக்கு மட்டும். பின்னர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டு கூடுதலாகும்தான். அந்த ஓர் ஆண்டு வீணில்லை.

இந்த வழியில் ஒரு வேகத்தடை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர்களை எடுக்கும் நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் உடனே எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவருக்கு 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். அந்தப் பணியின் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. 80 சதவீத இடம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. நர்சிங் எடுக்கும் பையன்கள் இந்த விகிதத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதற்கேற்ப இரண்டு மடங்கு படிக்க வேண்டியிருக்கும்.

நேரில் போய்ப் பார்க்கும்போது

கல்லூரி அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில், யாரையும் கேட்காமல், ஒரு பொது வார்டு வரை நடந்து பாருங்கள். பாதிப் படுக்கையில் பெட்ஷீட் மடிப்புக் கலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவ வார்டு இயங்குகிறதா என்று விசாரியுங்கள். மிட்வைஃபரி எனப்படும் பிரசவப் பயிற்சிக்கான கேஸ் புக்கில் தாங்கள் பார்த்த பிரசவங்களை எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் படிப்பு முடியும். மாதத்துக்குப் பத்துப் பிரசவம் நடக்கும் ஆஸ்பத்திரியில் 60 மாணவிகள் எப்படிக் கேஸ் புக்கை நிரப்புவார்கள்? பார்க்காத பிரசவத்தைப் பார்த்ததாக எழுதித்தான் நிரப்புவார்கள். அதற்குத் துணைபோகும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது.

அடுத்துக் குப்பைத் தொட்டி. மருத்துவக் கழிவு விதிகள் 2016-ல் வந்தவை. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் தொட்டிக்கு. டிரிப் டியூப், ஊசி கழற்றிய சிரிஞ்ச் சிவப்புக்கு. ஊசி, பிளேடு குத்தினாலும் ஓட்டையாகாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்துக்கு. மஞ்சள் பையில் டிபன் பொட்டலமும் ஊசியும் ஒன்றாகக் கிடந்தால், அந்த வார்டில் மாணவிக்கு என்ன பழக்கம் படியும் என்று சொல்லத் தேவையில்லை. கூடவே அவளுக்கு ஊசி குத்தும் ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

மாணவிகள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதை ஐந்து நிமிடம் நின்று கவனித்தால் போதும். நோயாளியோடு பேசுகிறார்களா, மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் ஸ்டாஃப் நர்சோ ஆசிரியரோ நிற்கிறாரா? பில்லிங் கவுன்டருக்கும் லேபுக்கும் ஃபைல் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களா? சம்பளமில்லாத ஆளாக மாணவியை நடத்தும் ஆஸ்பத்திரிகள் உண்டு. நைட் டியூட்டியில் வார்டு முழுவதையும் இரண்டாம் ஆண்டு மாணவியிடம் விட்டுவிட்டுப் போகும் இடங்களும் உண்டு. அங்கே ஏதாவது நடந்தால் பழி யார் தலையில் விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்கில் லேப். கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உயிர்காக்கும் முதலுதவி பழகும் பொம்மையின் நெஞ்சை அழுத்தினால் இறங்கி ஏறுகிறதா, ஊசி பழகும் கையில் துளைகள் இருக்கின்றனவா? துளையே இல்லாத புதுப் பொம்மை அங்கீகாரக் குழுவுக்காக வாங்கி வைத்தது.

அங்கீகாரத்தை மட்டும் வாய்வார்த்தையில் நம்ப வேண்டாம். இந்திய நர்சிங் கவுன்சில், மாநிலக் குழுமம், பல்கலைக்கழகம் மூன்றின் இணையதளத்திலும் அந்தந்தக் கல்வியாண்டுக்கான பட்டியல் இருக்கும். கல்லூரியின் பெயரோடு இட எண்ணிக்கையையும் பாருங்கள். 50 இடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு அதற்கு மேல் சேர்த்தால், மிச்சப் பேரின் பதிவு கடைசியில் சிக்கலாகும்.

கவுன்சலிங்: நேர்மையான சேவை, குறைவான தகவல்

அரசு இடங்களையும், தனியார் கல்லூரிகள் ஒப்படைக்கும் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நிரப்புகிறது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும்: உயிரியல் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. உயிரியல் 92, இயற்பியல் 80, வேதியியல் 76 என்றால் 92 + 40 + 38 = 170. தாவரவியல், விலங்கியல் படித்தவர்களுக்கு இரண்டின் சராசரி. இயற்பியலில் இரண்டு மதிப்பெண் கூடுவதும் உயிரியலில் ஒன்று கூடுவதும் சமம் என்பது பிளஸ் டூ படிக்கும்போதே தெரிந்திருந்தால் படிப்பு நேரத்தைச் சரியாகப் பங்கிடலாம்.

ரேங்க் பட்டியல் வெளிப்படையாக வருகிறது, இட ஒதுக்கீடு முறையாக நடக்கிறது, இடைத்தரகருக்கு வேலையே இல்லை. அந்த வகையில் இந்தச் சேவையைத் தாராளமாகப் பாராட்டலாம். குறை என்னவென்றால், விருப்பப் பட்டியல் நிரப்பும் பிள்ளை கல்லூரியின் பெயரையும் ஊரையும் வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியின் படுக்கை எண்ணிக்கையும் பிரசவ எண்ணிக்கையும் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். அதுவரை, ஆப்ஷன் போடத் தொடங்குவதற்கு முன்னால் பத்துக் கல்லூரியின் ஆஸ்பத்திரி விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நாள் ராத்திரி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 'வீட்டுக்குப் பக்கம்' என்று வரிசை போட்டவர்கள் அடுத்த நான்கு ஆண்டும் அதை நினைத்து வருந்துகிறார்கள்.

'நர்சிங்குக்கு நீட் வேண்டாம்' என்ற பேச்சு ஒரு விஷயத்தில் பிள்ளைகளைக் கெடுக்கிறது. புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங்குக்கும், ராணுவ நர்சிங் சேவையின் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் நீட் மதிப்பெண் வேண்டும். ராணுவத்தில் ஆறு கல்லூரிகளில் 220 இடம், திருமண பந்தத்தில் இல்லாத பெண்களுக்கு மட்டும். தங்குமிடம், சாப்பாடு, உதவித்தொகை எல்லாம் அரசே தரும். படிப்பு முடித்ததும் லெப்டினன்ட் பதவியில் பணி. நீட் மதிப்பெண்ணுக்கு மேல் ஆங்கிலமும் பொது அறிவுத்திறனும் சோதிக்கும் கணினித் தேர்வு, உளவியல் சோதனை, நேர்காணல், உடல் தகுதி என்று படிகள் இருக்கின்றன. பணிபுரிந்து தருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டை விட்டு வெளிமாநிலத்தில் இருக்கத் துணிந்த பெண்ணுக்கு, செலவையும் பயிற்சியையும் சேர்த்துப் பார்த்தால் இதைவிடச் சிறந்த இடம் நாட்டில் அரிது. ஆனால் நீட் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே மூடிவிடும். எம்.பி.பி.எஸ். நினைப்பே இல்லாதவரும் அந்த விண்ணப்பத்தைப் போட்டு வைக்க வேண்டும்.

காசு

'வருஷத்துக்கு இவ்வளவு' என்று சொல்வது டியூஷன் ஃபீஸ் மட்டும். ஹாஸ்டல், மெஸ், போஸ்டிங் பஸ், சீருடை, ரெக்கார்டு நோட்டு, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், மனநலம், சமூக நலம் போன்ற போஸ்டிங்குகளுக்கு வெளியூரில் தங்கும் செலவு, இவற்றை எல்லாம் நான்கு ஆண்டுக்கும் எழுத்தில் கேளுங்கள். மனநலப் போஸ்டிங்குக்கு வேறு ஊர் போகும் கல்லூரிகள் நிறைய. அந்தச் செலவு ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் திடீரென்று வந்து நிற்கும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தமிழகத்தில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் கவுன்சலிங்குக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையம் தேவையில்லை. ஆனால் கவுன்சலிங் வழியாக வந்த இடத்துக்கும் மேனேஜ்மென்ட் இடத்துக்கும் உதவித்தொகையிலும் கடனிலும் வித்தியாசம் இருக்கிறது. 'எப்படியும் அதே கல்லூரிதானே' என்று கவுன்சலிங் வருவதற்குள் மேனேஜ்மென்ட்டில் பணம் கட்டிவிடும் பெற்றோர் இழப்பது இதைத்தான்.

படித்து முடித்தபின் வரும் சம்பளத்தைப் பற்றி விளம்பரம் பேசுவதில்லை, நாம் பேசியாக வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 2016-ல் அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். இத்தனை ஆண்டாகியும் சிறு ஊர்களில் புதிதாகச் சேரும் பி.எஸ்சி. பட்டதாரி அதைவிடக் குறைவாகவே வாங்குகிறார். தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகப் போனாலும் முதலில் தொகுப்பூதியம்தான்; காலமுறைச் சம்பளத்துக்கு மாறக் காத்திருக்க வேண்டும். ஆகவே நான்கு ஆண்டுச் செலவை முதல் ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழெட்டு லட்சம் கடன் வாங்கி மூன்றாவது வகைக் கல்லூரியில் சேர்வது ஏன் கூடாது என்று அந்தக் கணக்கே சொல்லும். வெளிநாடு போகலாம் என்பது பதிலாகாது. அங்கே போகவும் பெரும்பாலும் நல்ல ஆஸ்பத்திரி அனுபவம் கேட்பார்கள், சுற்றிச் சுற்றி மறுபடியும் வார்டுக்கே வந்து நிற்கிறோம். போகிறவர்கள் சென்னையில் உள்ள தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனை முதலில் பாருங்கள். பதிவு பெற்ற தனியார் ஏஜென்ட்டும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகமாக வாங்கக் கூடாது.

முதல் ஆறு மாதம்

படிப்பை விட்டுப் போகிறவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே போகிறார்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து போகிறவர்கள் குறைவு. அந்தப் பயம் இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். காரணம் பெரும்பாலும் ஆங்கிலம். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல், நர்சிங் ஃபவுண்டேஷன் எல்லாம் ஆங்கிலத்தில் வந்து விழும். தமிழ் வழியில் படித்தவர்கள் ரிசல்ட் வந்து கல்லூரி திறக்கும் வரையிலான இடைவெளியை இதற்குப் பயன்படுத்தலாம். மருத்துவச் சொல்லின் வால்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தல், 'ஆஸ்டமி' என்றால் உடலில் ஒரு திறப்பு உண்டாக்குதல், 'ஈமியா' என்றால் ரத்தம் சம்பந்தப்பட்டது. ஐம்பது வால் தெரிந்தால் ஐந்நூறு சொல் பிடிபடும்.

கணக்கும் வேண்டும். 500 மில்லி சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. இங்கே தவறு வருவது வகுத்தலில் அல்ல. செட் உறையில் எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் மனப்பாட எண்ணைப் போடுவதில். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு விழும், கணக்கே மாறிவிடும்.

வருகைப்பதிவு தியரிக்கு 80 சதவீதம். கிளினிக்கல் மணி நேரம் பட்டம் வாங்குவதற்குள் நூறு சதவீதமும் முடித்தாக வேண்டும். ஊர்த் திருவிழாவுக்கு எடுத்த நான்கு நாள் லீவை, பிறகு எல்லாரும் விடுமுறைக்குப் போயிருக்கும்போது வார்டில் நின்று கழிக்க வேண்டியிருக்கும்.

வாங்க வேண்டிய பொருள்களில் ஸ்டெத்தாஸ்கோப்புக்குத்தான் பெற்றோர் அதிகம் செலவழிக்கிறார்கள். லிட்மன் கிளாசிக் த்ரீ அருமையான கருவி. இருபக்க முகம், 69 சென்டிமீட்டர் குழாய், சிறிய பக்கத்தைக் குழந்தைகளுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் முதலாண்டில் அதன் வேலை பி.பி. பார்ப்பது மட்டும். நல்ல கடையில் கிடைக்கும் சாதாரண இருமுக ஸ்டெத்தே போதும். குழாய் தடிமனாக, காதுமுனை மிருதுவாக இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் லிட்மன் வாங்கலாம், அப்போதும் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம், ஏனென்றால் போலி நிறைய. 'ஒன்றுமே கேட்கவில்லை' என்று புது ஸ்டெத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் முதலில் இரண்டைச் சரிபாருங்கள்: காதுமுனைகள் மூக்குப் பக்கம் முன்னோக்கி இருக்கின்றனவா, தலைப்பகுதியைத் திருப்பிய பக்கம் திறந்திருக்கிறதா. விரலால் மெல்லத் தட்டினால் தெரிந்துவிடும்.

பி.பி. கருவியில் பாதரசம் வேண்டாம், அனிராய்டு வாங்குங்கள். காற்று இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பட்டையின் காற்றுப்பை அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதம் இருக்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால் பி.பி. உள்ளதைவிடக் கூடக் காட்டும். காற்றை விநாடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் இறங்கும்படி விட வேண்டும். சடாரென்று திறந்துவிடுவதுதான் முதலாண்டின் பொதுத் தவறு. கைக்கடிகாரத்தைவிடச் சட்டையில் குத்தும் விநாடி முள் கடிகாரம் நல்லது, மணிக்கட்டு வரை கழுவ முடியும். ஷூவைச் சாயங்காலத்தில் போய் வாங்குங்கள். எட்டு மணி நேரம் நின்ற கால் வீங்கியிருக்கும் அளவு அப்போதுதான் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. முதல் வார்டு போஸ்டிங்குக்கு முன் இரண்டாவது முடிந்திருக்க வேண்டும் என்றால் இடம் கிடைத்த வாரமே தொடங்க வேண்டும். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி அளவைப் பார்த்து, 10-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் அந்த விரலைப் பிதுக்கக் கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அதே நிமிடம் வார்டு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. திட்டு விழும் என்று மறைக்கும் மாணவிகள் அந்த நேரத்தைத்தான் தொலைக்கிறார்கள். சேரும் கல்லூரியில் இதற்கு யாரிடம் போக வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

'ஓராண்டு நர்சிங் டிப்ளமோ', 'நர்சிங் அசிஸ்டென்ட், உடனடி வேலை' என்று மாடியில் இரண்டு அறை எடுத்து நடத்தும் நிலையங்கள். சீருடை தருவார்கள், தொப்பி வைத்துப் படம் எடுப்பார்கள், ஏதோ ஒரு டிரஸ்ட்டின் சான்றிதழும் தருவார்கள். குழுமத்தில் அதைப் பதிய முடியாது. படித்த பெண் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தாலும் உதவியாளராகவே இருப்பாள். சேரும் முன் ஒரே கேள்வி: 'இதை முடித்தால் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு எண் கிடைக்குமா?' ஆமாம் என்றால் அதை அவர்கள் லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள்.

பாண்ட் பற்றியும் கேளுங்கள். படிப்பு முடித்ததும் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இத்தனை ஆண்டு வேலை, இல்லையென்றால் சான்றிதழ் வராது என்று சேர்க்கையின்போதே கையெழுத்து வாங்கும் இடங்கள் இருக்கின்றன. பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் அசல்களைச் சரிபார்க்கக் காட்டலாம். கல்லூரியில் ஒப்படைக்கச் சொன்னால், எதை எதை என்று எண்ணோடு எழுதிய, தேதியும் முத்திரையும் உள்ள ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். அதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை, வங்கிக் கடன், ஹாஸ்டல் என்று முதல் மாதத்திலேயே அவ்வளவும் செலவாகிவிடும்.